பிடி

சாலிகிராமத்துப் பட்டறைக்குப்
பிலோமினா தன் வலது கையைக் கொண்டுவந்தாள்.
ஸ்டண்டில் முறிந்து, உள்ளே தகடு வைத்து,
இனி இவ்வளவுதான் மடங்கும் என்றாகிவிட்ட மணிக்கட்டு.

கௌபாய்ப் படத்து லீவர் துப்பாக்கி, டம்மிதான்.
நேர்க்கட்டை.
கஜபதி முதலில் அளந்தது கையை.

அறுத்து, வாகைத் துண்டு ஒட்டி,
பிஸ்டல் பிடிபோல் கீழிறக்கி
உப்புத்தாள் போட்டதும் மரம் ஒத்துக்கொண்டது.
லீவர்தான் முரண்டு:
கட்டை வளைந்த பிறகும்
பழைய நேர்கோட்டிலேயே நின்று
விரல்கணுவை இடித்தது.

பழுக்கக் காய்ச்சி வளைக்கையில் முதலாவது விரிசல்.
இரண்டாவது, ராத்திரி பவர்கட்டில்,
செல்போன் வெளிச்சத்தில்,
மெதுவாக.

சளக். சளக்.
அவள் முகம் சுளிக்கவில்லை.

ஹீரோ எட்டிப் பார்த்து
"எனக்கும் இதேமாதிரி" என்றார்.
"மணிக்கட்ட உடைச்சிட்டு வாங்க சார்."