முயலின் காது

ஹூனின் தெ லோஸ் ஆந்தெஸில்
ஜூலையில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும்.
இறைச்சிக்கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
தூண்டில் கடையில் வேலை செய்யும் ஐலின்
குனிந்து உள்ளே வந்து
"முயல் காது இருக்கிறதா?" என்றாள்.

பதினேழு வருடம்.
தொடை கேட்டிருக்கிறார்கள், முதுகு கேட்டிருக்கிறார்கள்.
காதைக் கேட்டவர் யாருமில்லை.
கழிவுத் தொட்டியிலிருந்து எட்டு எடுத்துக் கழுவிக் கொடுத்தேன்.
காசு வேண்டாம்,
எதற்கென்று மட்டும் காட்டு என்றேன்.

காட்டினாள்.
மேஜை விளிம்பில் ஒரு குட்டி இடுக்கி,
அதன் வாயில் அரிசி அளவுக்கு ஒரு தூண்டில் முள்.
காதோரத்து முடியைச் சுரண்டி
மெழுகிட்ட நூலில் உருட்டி
சுற்றினாள், சுற்றினாள், நிறுத்தினாள்.
ஆற்றுக் கல்லடியில் ஒளிந்து கிடக்கும்,
இன்னும் சிறகு முளைக்காத ஓர் ஈக்குஞ்சு
என் கடைப் பலகையில்
ரத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

என் விரல்கள் பிரிக்கத் தெரிந்தவை.
பிரிப்பது சுலபம்,
மூட்டு எங்கே என்று கத்தியே சொல்லிவிடும்.
சேர்க்கும்போது எதுவும் எதையும் சொல்வதில்லை.
முதல் நாள் நூல் ஒன்பது முறை அறுந்தது.
இரண்டாம் நாள் சேவல் இறகு மூக்கில் ஏறித் தும்மினேன்.
முள் எங்கே போனதென்று
மறுநாள் காலை
செருப்பில் கால் நுழைத்தபோது தெரிந்தது.

மூன்றாம் வாரம் ஒன்று முடிந்தது.
ஈயா, ஈயைத் தின்று கொழுத்த வேறெதுவுமா,
எனக்கே தெரியவில்லை.
ஐலின் அதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.
"உடம்பு பரவாயில்லை, ஓஃபெலியா. காது எங்கே?"

ஒட்டியிருக்கிறேனே, முயல் காதுதானே என்றேன்.
சிரித்தாள்.
"அது இல்லை. முள்ளின் காது.
நரம்பு நுழைய வேண்டிய துளை."

அதன் மேலும் சுற்றியிருந்தேன்.
அது போதாதென்று வார்னிஷும் பூசியிருந்தேன்.
"புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வது" என்றாள்.
"தலைக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.
வெறும் கம்பி தெரியட்டும்."
வெறும் கம்பியைப் பார்த்தால்
என் கை சும்மா இருப்பதில்லை.

ஞாயிறுதோறும் தம்பி பேசுவான், அன்யெலோவிலிருந்து.
எண்ணெய்க் கிணற்றில் வேலை.
நான் பனியைப் பற்றி, மாட்டு விலையைப் பற்றி,
எதிர்வீட்டு நாய்க்கு வந்த சொறியைப் பற்றி,
நாயின் பழைய சொந்தக்காரனைப் பற்றி...
"சரி அக்கா" என்று வைத்துவிடுவான்.

அந்த ஞாயிறு
போன் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருந்தது.
கையில் நூல்.
துளைக்கு இரண்டு சுற்று முன்னாலேயே
நின்றுவிட வேண்டிய இடம்.
மூச்சைப் பிடித்திருந்தேன், அதனால் பேசவில்லை.
அந்தப் பக்கம் காற்று அடிப்பது கேட்டது,
எங்கோ ஒரு தகரம் படபடத்தது.
அப்புறம் எவரார்தோ சொன்னான்,
ஏப்ரலிலிருந்து வேலை இல்லை.
வண்டியை விற்றுவிட்டேன்.

நூல் உருளை என் கையை விட்டு நழுவி
இடுக்கிக்குக் கீழே தொங்கியபடி
மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
அதைப் பிடித்து நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.
"ம்" என்றேன்.
இன்னும் சொன்னான்.

நவம்பரில் ஆறு திறந்தார்கள்.
சிமெவினில் முழங்கால் நீரில் நின்றோம், நானும் அவனும்.
முப்பத்தொரு ஈக்கள் கொண்டுபோனோம்,
பதினொன்றை வில்லோ மரங்கள் வாங்கிக்கொண்டன.
அந்த மரமும், ட்ரவுட்டும், காது கொடுத்த முயலும்
யாரோ எப்போதோ கப்பலில் கொண்டுவந்தவை என்பாள் ஐலின்.
அவளுடைய ஆட்கள் மட்டும்
அதற்கு முன்பே கரையில் நின்றிருந்தவர்கள்.
மீன் ஒன்றே ஒன்று, உள்ளங்கை நீளம்.
அதுவும் நான் பார்த்துப் பார்த்துக் கட்டியதைக் கடிக்கவில்லை.
எவரார்தோ தூக்கக் கலக்கத்தில் கட்டிய கோணல் ஒன்றைக் கடித்தது.
நனைந்த கையால் எடுத்து விட்டுவிட்டான்.

முதல் ஈ, காது அடைத்தது,
தராசின் மேல் குத்தி வைத்திருக்கிறேன்.
எந்த மீனுக்கு என்று கேட்கிறார்கள்.
நரம்பு நுழையாது, எதற்கும் ஆகாது என்கிறேன்.
பிறகு, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு
அவர்கள் சொல்லி முடிக்கும்வரை
கத்தியைக் கீழே வைக்கிறேன்.