வலது / இடது / தெரியாது

எங்கோ ஒரு குளிர்நாட்டில்
உலகத்துக் கைகளை எண்ணுகிறார்கள்.
மாங்குளம் ஆஸ்பத்திரியின் பங்குக்கு
நான் எண்ணுகிறேன்.
மாதம் முடிந்து ஐந்தாந் திகதிக்குள் அனுப்ப வேண்டும்.
படிவத்தில் இருபத்தாறு கட்டங்கள்.
மணிக்கட்டுக்கு நாலு, விரல்களுக்குத் தனித்தனி.
கடைசிக் கட்டத்தின் பெயர் ‘வேறு’.

போன வருட அறிக்கையில் ஒரு படம் வந்தது,
ஏறி இறங்கும் இரண்டு கோடுகள்.
இருபது வயதில் ஆண்களின் மேடு,
அறுபதுக்கு மேலே பெண்களின் மேடு.
எந்த நாடென்றாலும் கிட்டத்தட்ட இப்படித்தானாம்.
இளந்தாரிக் கையை மெசின் தின்னும்.
வயதான கை
தன் உடம்பின் பாரத்திலேயே முறியும்.
அங்கே பனி வழுக்கும், இங்கே
கிணற்றடிப் பாசி.

சரிதான்.
மாசியில் வெட்டு மெசின்கள் வயலில் இறங்கினால்
விரல்கள் ஐஸ் பெட்டியில் வரும்.
ஒருக்கா லஞ்ச்சீற்றில் சுற்றி வந்தது.
ஒருக்கா விரல் முதலில் வந்தது, ஆள் வரவில்லை.
ஆளை ஏற்றிய ரக்ரர்
டீசல் முடிந்து பனிக்கங்குளத்தில் நின்றுவிட்டதாம்.
விரலை மேசையில் வைத்துக்கொண்டு
ஆளுக்காகக் காத்திருந்தோம்.
அதற்கொரு கட்டம் இல்லை.

அருந்தவச்செல்வி வந்தது சித்திரையில்.
எட்டு வருடம் முகமாலையில்
முழங்காலில் நின்று, சின்னக் கரண்டியால்
கண்ணிவெடியைச் சுற்றி மண்ணைச் சுரண்டியவள்,
ஒரு நகங்கூடப் பிளக்காதவள்.
மகனின் பள்ளிக்கூடத்தில் புதிதாய்ப் பதித்த மாபிளில்
சறுக்கிவிட்டாள்.
எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தாள்:
‘மாபிளுக்கு ஒருத்தரும் சிவப்புத் தடி நடேல்லையே.’
விழுதல். சமதரை. வலது.
மூன்று புள்ளடி. அவ்வளவுதான்.

இன்பராசாவுக்குத்தான் எனக்குப் பேனை நின்றது.
வலது கை முழங்கைக்கு மேலேயே இல்லை.
எப்போது போனது என்று நான் கேட்கவில்லை.
இந்தப் பக்கத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை,
வயதைப் பார்த்துக் கணக்குப் பண்ணிக்கொள்வோம்.
அன்று குளக்கட்டில் சைக்கிளோடு சாய்ந்திருக்கிறார்.
நாடியில் ஆறு தையல், முன்பல் இரண்டு.
புது டொக்டர் பிள்ளை, தெற்கிலிருந்து வந்தவள்,
பழகுகிற தமிழில் கேட்டாள்:
‘இடது கை நல்லாத்தானே இருக்கு ஐயா,
ஏன் அதை ஊன்றவில்லை?’

‘வலதை ஊன்றினனான்’ என்றார்.

விழுகிறவர்கள் எல்லோரும்
கையைத்தான் முதலில் அனுப்புகிறார்கள்.
யோசித்து அனுப்புவதில்லை.
மண்ணுக்கும் முகத்துக்கும் நடுவில்
அது தானாகவே போய் நிற்கிறது.
உலகத்து மணிக்கட்டுகள் முறிகிற விதம்
பெரும்பாலும் இதுதான்.
அவருடையதும் போயிருக்கிறது,
நேரத்துக்கே போயிருக்கிறது.

முகக் காயம் எங்கள் கணக்கில் சேராது.
ஆனாலும் பதிந்தேன்.
வலது, இடது, தெரியாது,
மூன்றில் ஒன்றை அழுத்தாமல் கணினி அடுத்த பக்கம் விடாது.
வலது என்று அழுத்தினேன்.

இரண்டு கிழமையில் மின்னஞ்சல் வந்தது, மிக மரியாதையாக:
பதிவு நாற்பத்தொன்றில் கைக்காயம் எதுவும் காணப்படவில்லை,
தயவுசெய்து திருத்தி அனுப்பவும்.

இன்றைக்கு ஐந்தாந் திகதி.
காலையில் இன்பராசா தையல் வெட்ட வந்திருந்தார்.
கன்ரீனில் பிளேன்ரீ குடித்தார்.
மிச்சக் காசை வாங்கும்போது
ஒரு குற்றி தவறி உருண்டது.
அவர் சட்டென்று குனிந்தார்.

முடிச்சுப் போட்டிருந்த சட்டைக் கை
முதலில் போனதை
நான் பார்த்தேன்.