நடுச்சுவர்

அலுமாரியை இழுத்தபோதுதான் கண்டேன்.
மிளகுத்தூள் கொட்டுப்பட்டதுபோல்
முழங்கால் உயரத்திலிருந்து ஏறி
சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சாண் கீழே
நின்றிருந்தது பூஞ்சணம்.
யதுஷாவின் பள்ளிச் சட்டை முதுகெல்லாம் புள்ளி.
அதற்கு முன்பே அவள் நெஞ்சு
இரவில் விசிலடிக்கத் தொடங்கியிருந்தது.

வாவி நிரம்பி
முகத்துவாரம் வெட்டியாச்சா என்று
ஆரையம்பதி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கிழமை.
கொரோனாவில் மிஞ்சிய மாஸ்க்கைக் கட்டி
ஜன்னலைத் திறந்து, பிள்ளையை வெளியில் விட்டு
குளோரின் தண்ணீரில் தும்புப் பிரஷ்ஷை நனைத்து
உரஞ்சினேன்.
முழங்கையால் கறுப்பாய் வழிந்தது.
மூன்று நாள் வெள்ளை.
நாலாம் நாள் விடிய
அதே இடம், அதே உருவம்,
கதையை விட்ட இடத்தில் தொடங்குகிறவள் மாதிரி.

வேறொரு நாள் வினாகிரி தடவினேன்.
பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட் என்று கடைக்காரன் தந்ததை
மூவாயிரத்து எண்ணூறு கொடுத்து அடித்தேன்.
பெயின்ட் அப்பளமாய் எழும்பியது.
அடியில் அது.

கிருபைரெத்தினம் மேசன் வந்து
விரல் மொழியால் தட்டிப் பார்த்தார்.
"கூரை ஒழுக்கில்ல புள்ள இது.
நிலத்தால வாற ஈரமுமில்ல.
நடுவால வருகுது.
அங்கால ஆர் இரிக்கா?"

அங்கால தவமலர். என் அக்கா.
ஒரு வீட்டை அம்மா இரண்டு சீதனமாக்க
குசினிச் சுவரை மண்டபம்வரை நீட்டிய சுவர் இது.
கிணறு அவள் பக்கம் போனதற்கு நானும்
மாமரம் என் பக்கம் வந்ததற்கு அவளும்
ஒன்பது வருசமாய்க் கதைப்பதில்லை.
தண்ணீர்ப் பில் மட்டும் ஒன்று.
பாதிக் காசைப் படலையில் செருகிவிடுவேன்.
பில் கூடிய மாதங்களில்
அவளைத் திட்டிக்கொண்டே செருகுவேன்.

சேர்த்துவைத்த வசனங்களோடு போய்த் தட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டாள்.
முருகன் கலண்டரைக் கழற்றினாள்.
அதே உயரத்தில் என்னுடைய கறை,
இடம் வலம் மாறி.
"உன்ட பக்கத்தாலதான் எண்டு நினைச்சன்."
மூலையில் அவளுடைய தும்புப் பிரஷ்.
என்னுடையதைவிடத் தேய்ந்திருந்தது.

மேசன் உளியை வைத்தார்.
ஆறாவது அடியில் பூச்சு சரிந்து
கல்லுக்குள் ஒரு பழைய இரும்புப் பைப்.
இரண்டு குசினிக்கும் பிரிகிற மூட்டில்
துரு, ஒரு துளி,
கொஞ்சம் பொறுத்து இன்னொரு துளி.
உறுதியில் அதை யாருக்கும் எழுதவில்லை.

சீமெந்து யார் வாங்குவதென்று
சண்டை பிடித்தோம்.
சத்தம் போட்டே பிடித்தோம்.
மேசன் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:
"பைப்ப இண்டைக்கே மாத்துறன்.
பூசுறது இப்ப சரிவராது, மறுகா வரும்.
உள்ளுக்க காயோணும்.
பத்து நாள் திறந்து கிடக்கட்டும்."

இரண்டு உள்ளங்கை அகல ஓட்டை.
இரவு அதற்குள்ளால்
கீரிமீன் பொரிக்கிற வாசமும்
ரீவியில் செய்தி வாசிக்கிறவரின் குரலும் வந்தன.
யதுஷா குந்தியிருந்து எட்டிப் பார்த்தாள்.
"பெரியம்மா, உங்கட பூனைக்கு என்ன பேர்?"

பதில் வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.
வெளியே திரும்பவும் மழை.
சாக்கால் மூடப்போனவள்
ஒரு மூலையை மட்டும் ஆணியில் கொளுவிவிட்டு
வந்து படுத்தேன்.