வசந்தம் எக்ஸ்பிரஸ் பிடித்தால்

தார்த்துவில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
மால்லே பூட்ஸைக் கதவோரம் உதறிவிட்டு
சமையலறை மேசையில் ஐரோப்பாவை விரிக்கிறாள்.
கிரீஸ் விளிம்புக்கு வெளியே தொங்குகிறது.
அங்கிருந்துதான் தொடக்கம்.

யோசனை என்னுடையது.
மார்ச் முதல் வாரம் தெசலோனிக்கியில் இறங்குவது,
வாதுமை பூத்திருக்கும்.
பிறகு வடக்கே,
பூ நகர்கிற வேகத்திலேயே நாமும் நகர்வது.
சோபியா, ரூசே, பாலம் தாண்டி ருமேனியா,
ஹங்கேரியில் ஆப்ரிகாட்,
போலந்தின் மின்கம்பங்களில் நாரைகள்.
இங்கே பத்து நாளில் தீர்ந்துபோகிற ஒன்றை
ஐம்பது நாளாக இழுத்துப் பார்ப்பது.
அறுபத்தாறு வயதில் இது பேராசை இல்லை,
நிலுவைத் தொகை.

மால்லே முப்பது வருஷம்
பால் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போட்டவள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்கிறாள்:
எத்தனை எல்லை?
ஹங்கேரியில் யூரோ செல்லாது, தெரியுமா?
உன் ரத்த அழுத்த மாத்திரை எத்தனை அட்டை?
உன் குறட்டைக்கு எத்தனை தனி அறை?

நான் குறட்டை விடுவதில்லை.

விடுகிறாய் ஹெல்வே.
சாரெமா தீவில் பக்கத்துக் கூடாரத்துக்காரர்
டார்ச்சோடு எழுந்து வந்து கேட்டாரே,
வண்டி ஏதும் பழுதா என்று.

ஆக ஒன்பது இரவு தனி அறை,
மீதி இரவுகளுக்குப் பஞ்சு.
ஒரே பெட்டி, ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர்.
அவளுடைய மசாலா மீன் டப்பாக்கள் கூடாது.
சரி, இரண்டு டப்பா.

எல்லாம் கூடிவந்த நேரத்தில்
அவள் பென்சில் லாட்வியாவில் நின்றுவிட்டது.

"தேனீக்கள்" என்றாள்.

ஆறு பெட்டிகள்.
ஏப்ரல் கடைசியில் ஆற்றோர வில்லோ பூக்கும்.
அன்றைக்கு மூடியைத் திறந்து,
அடிப்பலகையில் கிடக்கும் செத்தவற்றைக் கூட்டி,
ராணி இருக்கிறாளா என்று பார்த்தாக வேண்டும்.
பக்கத்து வீட்டு ராஸ்முஸ்?
புகைக்கருவியோடு செல்பி எடுப்பான், அவ்வளவுதான்.

நான் சொன்னேன்:
யோசித்துப் பார்,
நாம் வசந்தத்தைத் தொட்டுக்கொண்டுதானே வருகிறோம்?
நமக்கு முன்னால் அது எப்படி வீடு சேரும்?

மால்லே வெகுநேரம் வரைபடத்தையே பார்த்தாள்.
"அது எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டால்?"

பதில் இல்லை என்னிடம்.
போன வருஷம் ஏறித்தான் இருந்தது.
மார்ச்சிலேயே ஜன்னலைத் திறந்துவைத்தோம்,
மே மாதத்தில் பனி கொட்டியது.
ஏழாவது பெட்டியைச் சோடா போட்டு
வெந்நீரில் கழுவினோம், இருவரும், பேசாமல்.

வரைபடத்தை மடித்தாள்.
மடிப்பு மாறிவிட்டது.
ருமேனியா துருத்திக்கொண்டிருக்க
அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு போனாள்.

மணி பன்னிரண்டாகப் போகையில் போன்.
எங்கே இருக்கிறாய்?
தோட்டத்தில்.
இந்தக் குளிரிலா?
ஒவ்வொரு பெட்டியிலும் காது வைத்துக் கேட்டாளாம்.
"ஆறிலும் முனகல் இருக்கிறது.
மூன்றாவது அசல் உன் குறட்டை."
பிறகு போனையும் பெட்டிமேல் வைத்திருக்கிறாள்.
எனக்கு அவளுடைய மூச்சிரைப்புதான் கேட்டது.
கேட்கிறது என்றேன்.

"தெசலோனிக்கிக்கு எடுத்துவிடு, இரண்டு பேருக்கும்.
திரும்பும் டிக்கெட் போடாதே.
ராஸ்முஸ் தினமும் வில்லோவைப் படம் எடுத்து அனுப்புவான்,
அது அவனுக்கு வரும்.
மொட்டு வெடித்தால்
எந்த நாடாக இருந்தாலும் நான் இறங்கிவிடுவேன்.
நீ போய்க்கொண்டே இரு."

கண்ணாடியைத் தேடி எடுத்து
கார்டு எண்ணைத் தட்டத் தொடங்கினேன்.
கடைசியாகச் சொன்னதை மட்டும்
லைன் சரியில்லாதது மாதிரி
விட்டுவிட்டேன்.