ஐயாயிரத்தில் ஒன்று

எரிவாயு நிறுவனம் கொடுத்த நாட்காட்டியின் முதுகில்
ஐந்தைந்தாய்க் கோடு கிழித்து வைத்திருக்கிறேன்.
மொத்தம் பதினோராயிரத்து இருநூற்றாறு.
அத்தனையும் தவளைகள்.
சதுப்பின் சாம்பல் தவளை, இரண்டாம் நிலை,
புதியவர்கள் கை பழகக் கொல்வது.
செத்தால் தருவது இரண்டு செப்புக்காசு, ஒரு வழவழத்த தோல்.
ஐயாயிரத்தில் ஒன்று மட்டும்
உப்பு விளக்கைக் கக்கும்.

ஐயாயிரம் கொன்றால் ஒன்று உறுதி என்றுதான்
நானும் முதலில் நினைத்திருந்தேன்.
நண்டு ஆலையில் எடை போடும் மார்யான்
ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினான்:
ஐயாயிரம் கொன்ற நூறு பேரில்
முப்பத்தேழு பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள்.
பதினோராயிரம் தாண்டியும் ஒரு பத்துப் பேர் நிற்பார்கள்.
அந்தப் பத்தில் ஒருத்தி நீ, யெர்கா, என்றான்,
ஏதோ சங்கத்தில் சேர்த்துவிட்டதைப் போல.

தவளைக்கு நினைவில்லை.
முந்தையது செத்தது இதற்குத் தெரியாது,
என் மணிக்கட்டு வலியும் தெரியாது.
ஒவ்வொன்றும் முதல் தவளையாகவே
வந்து நிற்கிறது.

அன்று புந்தா அரீனாஸில் காற்று.
ஆட்கள் பிடித்து நடக்கத்
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்.
நண்டு முள் குத்திய விரல்களால்
கயிற்றைப் பற்றிப் பற்றி வீடு வந்து
காலுறைகூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.

சதுப்பில் ஒரு பையன்.
பெயர் லுபின் ஏழு. முதல் நிலை. வெறுங்கால்.
ஓடத் தெரியாமல் ஓடி, மரத்தில் முட்டி,
குருட்டாம்போக்கில் ஒரு தவளையை அடித்தான்.

"சென்யோரா, விளக்கு ஒன்று விழுந்தது.
இது எதற்காவது ஆகுமா?"

பொலிவியாவில், ஓரூரோவில்,
வாடகைக் கணினிக் கடையில் இருக்கிறானாம்.
கட்டிய காசுக்கு இன்னும் ஆறு நிமிடம்.
அதற்குள் ஒரு ஜோடிச் செருப்பும்
இருபது ரொட்டியும் வேண்டுமாம்.

சந்தையில் அந்த விளக்கு நான்கு கோடிப் பொன்.
திருட்டுத்தனமாய் வெளியே விற்றால்
இரண்டு மாதக் குளிர்கால எரிவாயு.

பரிமாற்றப் பெட்டி திறந்தது.
இடப்பக்கம் விளக்கு.
வலப்பக்கம் செருப்பு, ரொட்டி இருபது.
இருவரும் சம்மதம் அழுத்தினால் முடிந்தது.
அவன் அழுத்திவிட்டான். அவன் பக்கம் பச்சை.

"தம்பி, இதன் விலை" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"கொஞ்சம் பொறு" என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
ரொட்டியை இருபதிலிருந்து நாற்பதாக்கினேன்.
பெட்டிக்குள் ஏதாவது மாறினால்
பச்சை அணைந்துவிடும், முதலிலிருந்து சம்மதிக்க வேண்டும்.
அவன் மறுபடி அழுத்தினான்.
"எவ்வளவு நல்லவர் நீங்கள்!"

நானும் அழுத்தினேன்.

செருப்பை மாட்டிப் பார்த்தான்.
இரண்டு குதி குதித்தான்.
மூன்றாவது குதியில், அந்தரத்திலேயே,
அவன் காசு தீர்ந்துபோனது.

வெள்ளிதோறும் அவனுக்கு
ஐம்பதாயிரம் பொன் அஞ்சலில் அனுப்புகிறேன்.
வாரத்துக்கு என்னால் முடிவது அவ்வளவுதான்.
இந்த வேகத்தில் எண்ணூறு வாரம்,
பதினைந்து வருடத்துக்கும் மேலே.
இதை மார்யானிடம் கேட்கவில்லை, நானே போட்டேன்.

முப்பது நாள் பிரிக்காத பொட்டலம்
அனுப்பியவருக்கே திரும்பும் என்பது விதி.
ஐந்தாம் வாரம் முதல்
என் பொன் எனக்கே வந்துகொண்டிருக்கிறது.
அதையே மறுபடி அனுப்புகிறேன்.

விளக்கை ஏற்றவில்லை. இன்னும் விற்கவும் இல்லை.
அடுப்பின் மேல் எரிவாயு ரசீது,
அதன் மேல் உப்புக்குப்பி, பறக்காமலிருக்க.

அன்றோடு விட்டிருந்த சதுப்புக்கு
இன்று மறுபடி போனேன்.
எனக்கென்று ஒன்று விழுந்துவிட்டால்
அவனுடையதை அவனுக்கு அனுப்பிவிடலாம்.
முப்பது நாளில் அதுவும் திரும்பி வரும்.

பதினோராயிரத்து இருநூற்றேழு.
இரண்டு செப்புக்காசு.
தோல்.