சிவப்பு விளக்கில் எட்டு வரை

விடியுமுன் ஐந்து இருபத்தாறுக்கு
ஈசூன் இன்டர்சேஞ்சில் வண்டி எடுக்கிறேன்.
காப்பி ஒரு வாய்தான்.
மீதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்,
நாக்குக்குச் சரி
நாலு மணி நேர ஓட்டத்துக்கு ஆகாது.

பதினோரு வருடமாய் பஸ் கேப்டன்.
இரட்டைமாடியை
நிற்பவர் கைப்பிடி தேடாதபடி
திருப்பத் தெரியும்.
ஒரு தும்மலைத்தான்
சமாளிக்கத் தெரியவில்லை.

போன வாரம் ஏறிய சிறுமி
முகம் பார்க்காமலே
"குட்மார்னிங் அங்கிள்" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
அதுதான் தப்பு.
சீருடைக் கால்சட்டைக்குக்
கறுப்பு நிறம் சொன்ன மகராசன் யாரோ
நன்றாக இருக்கட்டும்.

குளியலறை அலமாரிப் பாக்கெட்டுகள்
மகளுடையவை என்று நினைத்திருக்கிறார் வீட்டுக்காரர்.
மகள் மெல்பர்னில் படிக்கிறாள்
என்பதுகூடத் தோன்றவில்லை அவருக்கு.

மருத்துவமனையில் ஹஸ்லிண்டா
பிளாஸ்டிக் இடுப்பெலும்பைக் கையிலேந்தி
உள்ளே விரல் வைத்துக் காட்டினாள்:
இங்கே ஒரு தசை,
தொங்குகிற துணி மாதிரி.
எனக்குத் தூளி என்று பட்டது.
மூன்று பிள்ளை கிடந்த தூளி
நைந்திருக்காதா பின்னே.

"லிப்ட் மேலே போவதாக நினையுங்கள் அக்கா,
இறுக்கி, ஒவ்வொரு மாடியாக.
மூச்சை மட்டும் பிடிக்காதீர்கள்."
என் லிப்ட் பழைய பிளாக்குடையது.
எல்லா மாடியிலும் நிற்காது
என்றேன்.
அவள் சிரித்தாள், ஒன்றும் ஆகாமல்.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஆகவே சிவப்பு விளக்குகள்.
பிரேக்கில் கால், ஸ்டியரிங்கில் கை,
யாருக்கும் தெரியாத இடத்தில்
ஒன்று, இரண்டு, மூன்று.
முதல் வாரம் மூன்றில் நழுவியது.
பிறகு ஐந்து.
பின்னால் அறுபது பேர்
கைப்பேசிக்குள் குனிந்திருக்க
இறுக்குகிறேன், விடுகிறேன்.

இன்று ஈசூன் அவென்யூ டூவில்
ஆறில் தளர்கிற நேரம்
ஊன்றுகோலோடு ஒரு சீனப் பெரியவர்
கம்பத்தில் அட்டையைத் தட்டினார்.
கடக்க அவருக்குக்
கூடுதலாய்ச் சில நொடி.
எனக்கும்.

ஏழு.
அவர் நடுச்சாலையில்.
எட்டு.
கையை உயர்த்தி நன்றி சொன்னார்.
எதற்கென்று நினைத்தாரோ,
நானும் உயர்த்தினேன்.

பச்சை.
பிளட்பிளஸரில் இறங்க யாரோ மணி அடித்தார்கள்.
அதற்குள் ஒரு தும்மல்.
முழுசாக நனையவில்லை.