கண்டு

முன்பு அது மீன்தொட்டி.
மீன்கள் செத்து, காலியாய்க் கிடந்ததில்
கண்டு வந்து சேர்ந்தது.
கல்லூரியில் கூடப் படித்தவள்
வாடகை வீட்டுக்காரர் விரட்டியதால்
வனத்துறைக் காகிதத்தோடு என் கையில் கொடுத்த
வெளிநாட்டுக் குட்டை மலைப்பாம்பு.
தொட்டால் சுருளும்,
தலையை நடுவில் ஒளித்து
வலைநூல் கண்டு மாதிரி இறுகிவிடும்.
அதனால் அந்தப் பேர்.

முதல் வாரம் தங்கச்சிமடமே வந்தது.
கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது,
சாவியால் தட்டிப் பார்த்தது,
"விஷமில்லேன்னா இது எதுக்கு?" என்று
காப்பி குடித்துவிட்டுப் போனது.
நானும் ஆசையாய்
நாலு பக்கமும் வெளிச்சம் விட்டு,
நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் செடி நட்டு,
ராஜா மாதிரி இருக்கட்டும் என்றேன்.

ஒன்பது வாரம் ராஜா சாப்பிடவில்லை.

உறைந்த வெள்ளெலியை வெந்நீரில் இளக்கி
இடுக்கியில் பிடித்து ஆட்டுவேன்.
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
காலையில் வேலிக்கு வெளியே வீசுவேன்.
ஐஸ் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போகும் என்னை
காக்கைகள் பெயர் தெரிந்தவை போலக் கூப்பிட்டன.

கொழுந்தன் கிளாட்வின்
யாழ்ப்பாணச் சிறையிலிருந்து திரும்பி
அப்போது மூன்று மாதம்.
படகு அங்கேயே நிற்கிறது, ஆள் மட்டும் வந்தான்.
ஹாலில் பாய் விரித்தோம், ஃபேனுக்கு நேர் கீழே.
நடுச்சாமத்தில் எழுந்துபோய்
பீரோவுக்கும் சுவருக்கும் இடையில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்குவான்.
யாரும் கேட்கவில்லை.
காலையில் பீரோவை ஒரு சாண் நகர்த்திக்
கூட்டிவிட்டு
இருந்த இடத்துக்கே தள்ளிவைப்பேன்.

அவன்தான் ஒரு மத்தியானம்
தொட்டி முன்னால் குந்தியிருந்து சொன்னான்:
"முதுகுக்கு ஒண்ணுமே இல்லையே மதினி இதுக்கு."

பேய்க்கணவாய்க்கு இறக்குகிற சட்டி
இரண்டு கொண்டுவந்தான்.
வாய் சின்னது. வயிறும் பெரிதில்லை.
உள்ளே சுருண்டால்
எல்லாப் பக்கமும் மண் வந்து தொட வேண்டும்,
அதுதான் கணக்கு.
கடலில் இது பொறி.
ஒளிய இடம் என்று நம்பி வந்ததைக்
கயிற்றோடு தூக்கிவிடுவோம்.
இங்கே கயிற்றை அறுத்திருந்தான்.

விளக்குப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று.
சூடு வேண்டுமென்றால் மறைவை இழக்கணும்,
மறைவு வேண்டுமென்றால் சூட்டை இழக்கணும் என்று
ஒரு உயிரிடம் பேரம் பேசக் கூடாது.
இடையில் தேங்காய்நாரும் சருகும் கொட்டினோம்.
தவக்காலத்தில் சுரூபங்களை மூடி
மிஞ்சிய ஊதாத் துணியை
மூன்று பக்கமும் கட்டினோம்.
ராமேஸ்வரம் ரயில் போகையில்
தண்ணீர்க் கிண்ணத்தில் வட்டம் எழுவதைப் பார்த்து
படகில் கட்டும் டயரை அடியில் வைத்தான்.

அதன்பின் செய்ய வேண்டியிருந்தது
ஒன்றும் செய்யாமல் இருப்பது.
அதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை.
துணியின் ஓரத்தைத் தூக்கப் போவேன், விடுவேன்.
கண்டு என்று பேர் வைத்துவிட்டுக்
காணாமலே இருப்பது.
கிண்ணத்தில் தண்ணீர் குறைந்திருக்கும்.
நாரில் ஒரு பள்ளம், நேற்று இல்லாதது.
ஒரு சட்டியிலிருந்து மறு சட்டிக்கு
யாரோ நடந்த வழி.
அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன்.

பதினாறாம் இரவு கரண்ட் இல்லை.
வாடை தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
சட்டி வாயில் எலியை வைத்துவிட்டுப் படுத்தேன்.
எப்போதோ ஒரு சத்தம்,
ஈரத் துணியை ஒருதரம் உதறினாற்போல.
டார்ச்சைத் தேடினேன்.
பீரோவுக்குப் பின்னாலிருந்து
குரல் மட்டும் வந்தது:
"அடிக்காதீங்க மதினி. இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று இருந்தோம்,
அது சட்டிக்குள்,
அவன் சந்துக்குள்,
நான் வெறும் இருட்டில்.

காலையில் தட்டு காலி.
பீரோவை நகர்த்திக் கூட்டிவிட்டு
இருந்த இடத்துக்கே தள்ளினேன்.
வேலியில் காக்கைகள்
வெகுநேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டுப்
பறந்து போயின.